யார் எழுந்தால் யாருக்கு இடம்?

செகந்திராபாதிலிருந்து காசிப்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில், ஐதராபாத் நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது மௌலா அலி. குன்றின் மேல் குதுப் ஷாஹி காலத்துத் தர்கா. அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறை. அதைத் தாண்டினால் ரயில்வேயின் ராஜ்ஜியம். ஒருபுறம் டீசல் எஞ்சின்களுக்காக எழுந்த லோகோ ஷெட், இன்னொருபுறம் தென்மத்திய ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையம். ஷெட்டிலிருந்து எஞ்சின்கள் வெளியே வருகின்றன. பயிற்சி நிலையத்திலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். எஞ்சின் பெருகும் வேகத்துக்கு ஆட்கள் பெருகாதபோது, வேலைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. வயதானவர்கள் சற்று முன்னதாக எழுந்துகொண்டால் இளைஞர்களுக்கு இடம் கிடைக்காதா?

தண்டவாளத்தைவிட ஆகாயத்தில் இந்தக் கேள்வி இன்னும் சூடாக இருக்கிறது. பன்னாட்டுப் பயண விமானங்களை ஓட்டுபவர்களுக்கு இன்றைய உச்ச வயது 65. அதை 67 ஆக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களின் உலகச் சங்கம் 2025-இல் மாண்ட்ரியலில் கூடிய பன்னாட்டுப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவையில் கேட்டது; கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் இதே 67-ஐ விவாதித்துக் கைவிட்டது. ஜப்பானோ உள்நாட்டில் 2015-லேயே 67 வரை அனுமதித்துவிட்டது. நம் ஊரில், அரசின் கையில் இருந்தவரை 58-இல் விமானிகளுக்கு விடைகொடுத்த ஏர் இந்தியா, டாடாவிடம் போன பிறகு 65 வரை பறக்க வழி திறந்திருக்கிறது. ரயில்வேயில் மற்ற மத்திய அரசு ஊழியர்களைப் போல லோகோ பைலட்டுக்கும் ஓய்வு வயது 60.

எண்களுக்குள் போவதற்கு முன் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது. 'மூத்தவர் எழுந்தால் இளையவருக்கு இடம்' என்ற கணக்கைப் பல அரசுகளும் நிறுவனங்களும் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஐதராபாத்திலேயே நடந்தது.

முதல் கதை அமெரிக்காவில். 60 வயதானவர் பயண விமானம் ஓட்டக் கூடாது என்ற விதி அங்கே 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் விமானப் போக்குவரத்து நிர்வாக அமைப்பின் முதல் தலைவர் எல்வுட் கெசாடா. காரணமாகச் சொல்லப்பட்டது பயணிகளின் பாதுகாப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித், 60 என்ற வரம்பைக் கேட்டு கெசாடாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஜெட் விமானங்கள் வந்த காலம் அது. வயதில் மூத்த விமானிகளைப் புதிய ஜெட்டுக்குப் பழக்குவது நிறுவனத்துக்குச் செலவு. 60-இல் கட்டாய ஓய்வு கொடுப்பதைத் தொழிற்சங்கம் எதிர்த்தது. நடுவர் முன் போன வழக்கில் நிறுவனம் தோற்றிருந்தது. நடுவரிடம் கிடைக்காதது அரசின் விதியால் கிடைத்தது. கெசாடா பின்னாளில் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இடம்பெற்றார். அந்த 60, 2007 டிசம்பர் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அசையாமல் நின்றது.

இரண்டாவது கதை ஐதராபாத்துடையது. 1983 ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆந்திரப் பிரதேச முதலமைச்சரானார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை; அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-இலிருந்து 55-ஆகக் குறைத்தார். பிப்ரவரி 28-ஆம் தேதியோடு 55-ஐக் கடந்திருந்த எல்லோருக்கும் வேலை முடிந்தது. 18,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் பொதுத்துறை நிறுவனங்களைச் சேர்ந்த 10,000 பேரும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மகளின் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் இன்னும் மூன்று ஆண்டுச் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள் அவர்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜனவரியில் கே. நாகராஜ் வழக்கின் தீர்ப்பு, வயதைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, இளைஞர்களுக்கு வாய்ப்பளிப்பது நியாயமான நோக்கமே என்று சொன்னது.

ஆனால் தீர்ப்பு வருவதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1984 ஆகஸ்டில் ஓய்வு வயது மறுபடி 58 ஆனது. இடைப்பட்ட பதினெட்டு மாதத்தில் வெளியே போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்றார்கள். அவர்கள் தனியே வழக்காடினார்கள். 58 நிறையாதவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அதே 1985-இல் பி. பிரபாகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுப்பப்பட்டவர் நீதிமன்ற வாசலில் நின்றார். அவர் இடத்துக்குக் காத்திருந்தவரோ, அந்த இடம் நிலைக்குமா என்பதே தெரியாமல் நின்றார். இருவருடைய வாழ்க்கையிலும் அந்த ஊசலாட்டம் நடந்தது. பின்னாளில் அதே மண்ணில் காற்று எதிர்த்திசையில் வீசியது. தெலங்கானா 2021-இல் ஓய்வு வயதை 61 ஆக்கியது. ஆந்திரம் 60 ஆக்கி, 2022-இல் 62-க்கும் போனது. தமிழ்நாடு 2020-இல் 59, மறு ஆண்டில் 60. ஓய்வுக்காலப் பணப்பலன்களைத் தள்ளிப்போடக் கருவூலத்துக்கு இது உதவும் என்பதைப் பலரும் அப்போதே சுட்டிக்காட்டினார்கள்.

ஆந்திரம் மட்டும் இப்படிச் சிந்திக்கவில்லை. பிரிட்டன் 1977-இல் ஒரு திட்டம் தொடங்கியது. மூத்தவர் முன்கூட்டி விலகி அந்த இடத்தில் வேலையில்லாத ஒருவரை நிறுவனம் எடுத்துக்கொண்டால், விலகியவருக்கு அரசு உதவித்தொகை தரும். பதினோரு ஆண்டில் அதை மூடிவிட்டார்கள். ராமராவ் வயதைக் குறைத்த அதே 1983-இல், பிரான்ஸிலும் மித்தரான் அரசு ஓய்வு வயதை 60-ஆக இறக்கியது. இளைஞர் வேலைவாய்ப்பு அங்கும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இவற்றால் என்ன விளைந்தது என்பதை ஜோனதன் குரூபர், டேவிட் வைஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 12 நாடுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். மூத்தவர்களை முன்கூட்டி அனுப்பிய நாடுகளில் இளைஞர்களுக்கு வேலை கூடியதற்குச் சான்றில்லை என்பதே அவர்களுடைய முடிவு. மூத்தவர்கள் அதிகம் வேலை செய்யும் காலங்களில் இளைஞர்களும் அதிகம் வேலை செய்தார்கள்.

மூன்றாவது கதை ரயில்வேயுடையது. மௌலா அலிக்கு மிக நெருக்கமானது. 2004 ஜனவரியில் ரயில்வே வாரியம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 50 முதல் 57 வயதுக்குள் இருக்கும், நீண்ட காலம் பணியாற்றிய ரயில் ஓட்டுநர்களும் தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்களும் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம். அவர்களுடைய பிள்ளை ஒருவருக்கு, தகுதி இருந்தால், ரயில்வேயில் வேலை. வயது ஏறினால் உடலின் துரிதம் குறையும், அது பாதுகாப்புக்கு ஆபத்து என்பதே திட்டத்துக்குச் சொன்ன காரணம். 2010-இல் அது இன்னும் பல பிரிவுகளுக்கு விரிந்தது. ரயில்வே காலனிகளில் ஆண்டுக்கணக்கில் இதைச் சுற்றியே குடும்பங்கள் கணக்குப் போட்டன. அப்பா எப்போது எழுதிக் கொடுப்பார், எந்த மகனுக்கு, தேர்வில் அவன் தேறாவிட்டால் என்ன ஆகும்?

2016-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் கலா சிங் வழக்கில், இத்திட்டம் பொதுவேலையில் சமவாய்ப்பு என்ற அரசமைப்பு உரிமையோடு மோதுகிறது என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. 2018-இல் ரயில்வே அதைக் கைவிட்டது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களில் வாரிசுகளுக்கு வேலை தரும் திட்டமும் 2017-இல் ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் இதே காரணத்தால் விழுந்தது. சிரமமான வேலையில் உடல் தேய்ந்த தகப்பன் மகனுக்கு வழிவிட நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த வழியில் ரயில்வேக்காரரின் மகன் மட்டுமே போக முடிந்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கூலித் தொழிலாளியின் மகனுக்கு அங்கே இடம் கூடவில்லை, குறைந்தது.

மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பாதுகாப்பின் பெயரால் ஒன்று, வேலையில்லா இளைஞரின் பெயரால் ஒன்று, பாதுகாப்போடு பிள்ளையின் வேலையையும் சேர்த்து ஒன்று. மூன்றிலும் மூத்தவர் எழுந்தார். அவர் எழுந்ததால் பொதுவாக இளைஞர் சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், கையைக் காட்டிச் சொல்ல அதிகம் இல்லை. நிறுவனத்துக்குச் செலவு மிச்சமானது. அரசுக்குப் பெயர் கிடைத்தது. சில குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் இளைஞர் தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது வேலை என்பது எண்ணி வைத்த பண்டம் அல்ல, பெருகக் கூடியது. விமானத்திலும் ரயிலிலும் நிலைமை வேறு. ஒரு விமானத்துக்கு ஒரு கேப்டன் இருக்கைதான். ஒரு ரயிலுக்கு ஒரு லோகோ பைலட்தான். மேலே ஒருவர் நகராவிட்டால் கீழே வரிசை முழுவதும் நிற்கும். ரயில்வேயில் ஒருவர் உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்து, முதுநிலை உதவியாளராகி, யார்டுக்குள் ஷண்டிங் பார்த்து, சரக்கு ரயிலுக்குப் போய், பிறகு பாசஞ்சர், கடைசியில் மெயில், எக்ஸ்பிரஸ் என்று ஏற வேண்டும். உச்சியில் ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே ஐந்து பேர் ஒரு படி நகர்வார்கள். அவர் இரண்டு ஆண்டு கூடுதலாக இருந்தால் அந்த ஐந்து பேரும் இரண்டு ஆண்டு அதே படியில் நிற்பார்கள்.

அந்தப் படி எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய நேரம் தெரியும். சரக்கு ரயில்காரருக்கு அது தெரியாது. நள்ளிரவு ஒரு மணிக்கு அழைப்பு வரும். நிலக்கரி ஏற்றிய 58 வேகன், சுமார் 5,000 டன், பின்னால் வரும். எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு லூப் லைனில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வேலை எப்போது முடியும், எந்த ஊர் ரன்னிங் ரூமில் தூங்குவோம், வீட்டுக்கு எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது. வேலை தொடங்கிய கையெழுத்திலிருந்து முடித்த கையெழுத்து வரை பத்து மணி நேரம் என்ற உறுதிமொழிக்காக லோகோ ஓட்டுநர்கள் 1973-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். வார ஓய்வுக்காக 2024-லும் தெற்கு ரயில்வேயில் போராட வேண்டியிருந்தது. குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் வயதில் இந்தப் படியில் கூடுதலாக இரண்டு ஆண்டு நிற்பது சின்ன இழப்பில்லை. 2007-இல் அமெரிக்கா 60-ஐ ஒரே நாளில் 65 ஆக்கியபோது இணை விமானிகளின் பதவி உயர்வு ஐந்து ஆண்டுக்கு உறைந்துபோனது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடியும் வந்து பலர் வேலையிழந்தார்கள். ஓய்வு வயதைத் திடீரென்று ஏற்றுவதும் திடீரென்று இறக்குவதும் ஒரே வகை அநியாயம். இரண்டிலும் யாரோ ஒரு தலைமுறை, எந்தத் தவறும் செய்யாமல், பில் கட்டுகிறது.

ஆனால் படியில் நிற்பவரின் துயரமும் படிக்கட்டுக்கு வெளியே நிற்பவரின் துயரமும் வேறு வேறு. முன்னவருக்கு மூத்தவர் தடையாக இருக்கக் கூடும். பின்னவரைத் தடுப்பது யார்? கணக்கைப் பாருங்கள். உதவி லோகோ பைலட் தேர்வுக்கான பெரிய அறிவிக்கை 2018-இல் வந்தது. அதற்கடுத்தது 2024 ஜனவரியில். நடுவில் ஆறு ஆண்டு எதுவுமில்லை. 24 வயதில் காத்திருக்கத் தொடங்கியவருக்கு அடுத்த அறிவிக்கையின்போது 30. பெருந்தொற்றின் பெயரால் உச்ச வயதை மூன்று ஆண்டு தளர்த்தி 33 ஆக்கியதால்தான் பலர் விண்ணப்பிக்கவே முடிந்தது. அறிவித்த இடங்கள் 5,696. ஐந்தே மாதத்தில், கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் விபத்து நடந்த அதே ஜூனில், அது 18,799 ஆக உயர்ந்தது. ஐந்து மாதத்தில் புதிதாக 13,000 பேர் ஓய்வு பெற்றுவிடவில்லை. இடங்கள் முன்பே காலியாக இருந்தன. நிரப்பத்தான் யாரும் முன்வரவில்லை.

அந்த ஆறு ஆண்டும் எஞ்சின்கள் நிற்கவில்லை. வேலையில் இருந்தவர்கள் தங்கள் ஓய்வை விட்டுக்கொடுத்து ஓட்டினார்கள். ஆகவே, வெளியே நின்ற இளைஞருடைய இடத்தில் மூத்த லோகோ பைலட் உட்கார்ந்திருந்தார் என்பது பொய். அந்த இளைஞர் செய்திருக்க வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார் என்பதே உண்மை. இருவரும் எதிரெதிர் தரப்பு என்று நினைக்க வைப்பது, ஆள் எடுக்காமல் விட்டவர்களுக்கு மட்டுமே வசதி. விமானத் துறையிலும் இதுதான் நடந்தது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி உரிமம் பெற்ற எத்தனையோ இளம் விமானிகள் வேலையின்றித் தவித்தார்கள். 2012-இல் கிங்ஃபிஷரும் 2019-இல் ஜெட் ஏர்வேஸும் கவிழ்ந்தபோது, பெரியவர் சிறியவர் எல்லோருடைய இருக்கையும் ஒன்றாகப் போயிற்று. அதை எந்தக் கேப்டனின் ஓய்வும் மீட்டிருக்காது.

வயதைவிடப் பழைய வேலிகளும் இருந்தன என்பதை ஐதராபாத் மறக்கக் கூடாது. நிஜாம் அரசும் டாடாவும் சேர்ந்து பேகம்பேட்டையில் நடத்திய டெக்கான் ஏர்வேஸ்தான், வேறு பல நிறுவனங்கள் மறுத்த பிறகு, பிரேம் மாத்தூர் என்ற பெண்ணை விமானியாக எடுத்தது. இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டிய முதல் பெண் அவர். இணை விமானியின் இருக்கை கிடைத்தது. கேப்டன் இருக்கை கிடைக்கவில்லை. ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் 35 வயதில், அல்லது முதல் கருவுற்றதும், வேலையை இழக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1981-இல் நர்கீஷ் மீர்சா வழக்கில் கர்ப்ப விதியை உச்ச நீதிமன்றம் தகர்த்தது. 35 வயது விதியை அப்படியே விட்டது. ரயில்வேயில் 1989-இல் உதவி ஓட்டுநராக வந்த சுரேகா யாதவ், ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்று, 36 ஆண்டு ஓட்டி, 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அவர் உள்ளே வந்தது யாரோ மூத்தவர் எழுந்ததால் அல்ல. கதவை ஒருவர் திறந்ததால். ஓய்வு வயது என்ற கோட்டை வரைபவர், யாரை வெளியே வைக்கிறோம் என்பதையும் சேர்த்தே வரைகிறார்.

சரி, பாதுகாப்பு? அது உண்மையான கேள்வி. வயதானால் கண்ணும் காதும் தளரும். முடிவெடுக்க ஒரு நொடி கூடும். அதனால்தான் லோகோ பைலட்டுக்கு மிகக் கடுமையான ஏ-1 மருத்துவத் தகுதி வைத்திருக்கிறார்கள். 45 வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதனை. 60 கடந்த விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தளர்வு எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. 40 முதல் 69 வயது வரையான 118 விமானிகளைச் சிமுலேட்டரில் ஆண்டுதோறும் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். ஆண்டு செல்லச் செல்ல அவர்களுடைய திறன் இளையவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. பயிற்சியும் அனுபவமும் கூடியவர்கள் எந்த வயதிலும் மேலாக நின்றார்கள். 2009 ஜனவரி 15-இல் இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்த சல்லன்பர்கருக்கு 58 நிறைய எட்டு நாள் இருந்தது. நம் பழைய இந்தியன் ஏர்லைன்ஸில் இருந்திருந்தால் அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பிரிவுபசாரம் நடந்திருக்கும். இந்த ஒரு சம்பவத்தை வைத்து விதி எழுத முடியாது. பிறந்த தேதியை மட்டும் வைத்தும் எழுத முடியாது.

மூத்தவரிடம் இருப்பது என்ன என்பதை ஒரு லோகோ பைலட் வழி கற்கும் விதத்தில் பார்க்கலாம். புதிய பிரிவில் அவரைத் தனியாக ஓட்ட விடமாட்டார்கள். அந்தப் பாதையை அறிந்தவரோடு பலமுறை போய் வந்து, 'வழி தெரியும்' என்று கையெழுத்திட்ட பிறகே எஞ்சின் அவர் கைக்கு வரும். எந்த ஏற்றத்தில் எத்தனை நாட்ச் வைக்க வேண்டும், எந்த வளைவைத் தாண்டியதும் சிக்னல் கண்ணில் படும், முதல் மழையில் எங்கே சக்கரம் வழுக்கும், 5,000 டன் எந்தச் சரிவில் பின்னாலிருந்து தள்ளும், பிரேக்கை எவ்வளவு முன்னதாகத் தொட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் முழுதாக இருக்காது. சிக்னல் தெரிந்ததும் உதவியாளர் கையை நீட்டி உரக்கச் சொல்கிறார். லோகோ பைலட் அதைத் திருப்பிச் சொல்கிறார். இருவரின் கண்ணும் வாயும் ஒத்துப்போன பிறகுதான் எஞ்சின் அந்தக் கம்பத்தைக் கடக்கும். அந்த ஒரு நொடியில் முப்பது ஆண்டு அனுபவமும் மூன்று மாத அனுபவமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. ஒருவர் போனால்தான் மற்றவர் வர முடியும் என்ற கணக்கு அந்த அறைக்குள் செல்லாது. இருவரும் சேர்ந்து இருந்தால்தான் தொழில் கைமாறும்.

தொழில் மாறிக்கொண்டே இருப்பதும் உண்மை. 1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாமின் ரயில் வந்தபோது, அதன் பின் லாலாகுடா பட்டறை 1893-இல் எழுந்தபோது, ஓட்டுநர் என்றால் நீராவியும் கரியும் தழலும். அந்த எஞ்சினில் பயர்மேனாகக் கரி அள்ளிய உடலுக்கு 55-இலேயே ஓய்வு தேவைப்பட்டது. ரயில்வேயை நம்பிச் செகந்திராபாத் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மூன்று தலைமுறை நீராவி, டீசல், மின்சாரம் மூன்றையும் பார்த்துவிட்டது. இப்போது கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு வருகிறது. 2022 மார்ச்சில் இதே தென்மத்திய ரயில்வேயின் குல்லகூடா–சிட்கிட்டா இடையே, ரயில்வே அமைச்சர் இருந்த எஞ்சினை, எதிரே நின்ற எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பே கவச் தானாக நிறுத்திக் காட்டியது. சிவப்பைத் தாண்டினால் அதுவே பிரேக் போடும். கையின் துரிதம் மட்டுமே பாதுகாப்பு என்றிருந்த காலம் மெல்லக் கழிகிறது. இயந்திரம் தடுமாறும் அரிய வேளையில் நிதானமாக முடிவெடுக்கும் மனம் தேவைப்படும். அதை இளையவருக்கு ஊட்டுவது மூத்தவரின் கடைசிப் பத்து ஆண்டின் வேலை.

அந்த வேலைக்கு இன்றைய ஏற்பாடு ஊக்கம் தருவதில்லை. லோகோ பைலட்டின் வருமானத்தில் ஓடிய கிலோமீட்டருக்கான படி பெரிய பங்கு. ஓடுவதை நிறுத்திவிட்டு வகுப்பறைக்கோ ஆய்வாளர் பணிக்கோ போனால் அது முழுதாகக் கிடைக்காது. ஆகவே கற்பிக்கத் தகுந்தவர்களில் பலர் எஞ்சினை விட்டு இறங்கத் தயங்குகிறார்கள். இரவு வேலை உடலை வாட்டினாலும் 60 வரை ஓட்டுகிறார்கள். மூத்தவரை இருக்கையில் பிடித்து வைத்திருப்பது பேராசை என்று சொல்வது எளிது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும்.

செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரிகின்றன. ஓய்வு வயதை இளைஞருக்கு இடம் விடுவதற்காக இறக்கவும் கூடாது, கருவூலத்தின் வசதிக்காக ஏற்றவும் கூடாது. உடல்தகுதியும் பாதுகாப்பும் அதைத் தீர்மானிக்கட்டும். மாற்ற வேண்டியிருந்தால் ஆண்டுக்கு ஆறு மாதம் என்று படிப்படியாக, பத்து ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்படி மாற்றட்டும். பதவி உயர்வு உறைந்து நிற்கும் காலத்தில் படியில் நிற்பவரின் சம்பளம் உறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். 55 கடந்தவர் விரும்பினால் இரவு எஞ்சினிலிருந்து பயிற்சிக்கு மாறவும், அதனால் ஒரு ரூபாயும் இழக்காமல் இருக்கவும் வழி வேண்டும். ஆறு ஆண்டு இடைவெளி இனி எந்தக் காரணத்தாலும் வரக் கூடாது. 2024-இல் ரயில்வே ஆண்டுதோறும் தேர்வு நடத்தும் அட்டவணையை அறிவித்து, மறு ஆண்டில் உதவி லோகோ பைலட்டுக்கு 9,970 இடங்களை அறிவித்தது நல்ல தொடக்கம். அது வழக்கமாக வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டில் யார் யார் ஓய்வு பெறுவார்கள் என்பது ரயில்வேக்கு நாள் கணக்கில் தெரியும். தெரிந்த ஓய்வுக்கு முன்கூட்டியே ஆள் எடுத்துப் பழக்காமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

அறுபது ஆண்டுக்கும் மேலான அனுபவம் சொல்வதைச் சுருக்கினால் இதுதான். மூத்தவர் எழுந்தது எத்தனையோ முறை. அதனால் மட்டும் இளையவர் அமர்ந்தது மிகச் சில முறை. காலியான இருக்கை தானாக வேலையாகிவிடுவதில்லை. அதை அறிவித்து, தேர்வு நடத்தி, பயிற்சி கொடுத்து, வழி காட்டி, ஒருவரை அதில் உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு அரசிடமும் நிறுவனத்திடமும் இருக்கிறது. முப்பது ஆண்டு இரவுத் தூக்கத்தைக் கொடுத்து ஓட்டியவரிடம் 'நீ எப்போது போவாய்' என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். 'அடுத்த தேர்வு எப்போது, எத்தனை இடம், பயிற்சி எந்தத் தேதியில் தொடங்கும்' என்ற கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும். கேட்பதில் மூத்த லோகோ பைலட்டும் தேர்வுக்குப் படிக்கும் பையனும் பெண்ணும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள்.